சுங்கானின் விலையும் புகையின் சுவையும்

விலை உயர்ந்த பொருள் பயனிலும் உயர்ந்ததாகவே இருக்கும் என்பது மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. இந்நம்பிக்கை எந்த அளவிற்கு மெய்யானது என்பதைச் சோதித்துப் பார்க்க ஏற்ற பொருள் ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் பைப்பு எனப்படும் சுங்கானே அது. சுங்கானின் தொழில் மிக எளிது. ஒரு சிறு கிண்ணத்தில் புகையிலையைத் தாங்க வேண்டும். ஒரு துளை வழியே புகையை வாய்க்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இவ்வளவே அதன் கடமை. ஆயினும் அதே கடமையைச் செய்யும் சுங்கான்கள் சில காசுகளுக்கும் விற்றிருக்கின்றன; பொன் அணிகலனுக்கு இணையான விலைக்கும் விற்றிருக்கின்றன. விலை மிகுந்த சுங்கான் உண்மையிலேயே நல்ல புகையைத் தருகிறதா என்னும் வினா, நானூறு ஆண்டுக் கைவினை வரலாற்றினூடே தொடர்ந்து வந்துள்ளது.

புகையிலை தமிழுக்குப் புதிய பொருளன்று. சீனிச்சர்க்கரைப் புலவர் அதனையே தூதுப் பொருளாக்கிப் 'புகையிலை விடு தூது' பாடினார், அதனை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்துத் தந்தார். 'சுருட்டு' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற்குள் புகுந்து அங்கும் நிலைபெற்றது. ஆயினும் தமிழர் புகையிலையைப் பெரும்பாலும் மென்றனர், பொடியாக உறிஞ்சினர், சுருட்டாகச் சுற்றிப் பிடித்தனர். சுங்கான் என்னும் சொல் நம் அகராதியில் இடம்பெற்ற போதிலும், அதனைக் கலையாகவும் வணிகமாகவும் வளர்த்தவை ஐரோப்பாவும் அமெரிக்காவுமே. எனவே விடையையும் அங்கேதான் தேட வேண்டியுள்ளது.

மண்ணின் காலம்

அமெரிக்கப் பழங்குடியினர் கல்லாலும் மண்ணாலும் செய்த சுங்கான்களில் பல நூற்றாண்டுகளாகப் புகைத்து வந்தனர். 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னர் புகையிலை ஐரோப்பாவை அடைந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தில் வெண்களிமண் சுங்கான்கள் பெருகிவிட்டன. அக்காலச் சுங்கான்களின் கிண்ணம் விரல் நுனியளவே இருந்தது. புகையிலையின் விலை அப்போது மிக அதிகம் என்பதே காரணம். புகையிலை மலியத் தொடங்கியதும் கிண்ணம் பெரிதாயிற்று, தண்டும் நீண்டது. நீண்ட தண்டில் நேர்த்துளையிடுவதற்குத் துளை சிறுத்தாக வேண்டும். இம்மாற்றத்தை அளந்தறிந்த ஹாரிங்டன் என்னும் அமெரிக்கத் தொல்லியலறிஞர், உடைந்த தண்டுகளின் துளையளவைக் கொண்டே அகழ்விடங்களின் காலத்தைக் கணிக்கலாம் என 1954-இல் எடுத்துக்காட்டினார். ஏழைத் தொழிலாளி உடைத்தெறிந்த மண்தண்டு வரலாற்றுச் சான்றாக உயர்ந்தது இவ்வாறுதான்.

இலண்டன் சுங்கான் தொழிலாளர் 1619-இல் அரச பட்டயம் பெற்றனர். ஆங்கிலேயர் சிலர் ஒல்லாந்து நாட்டின் கௌடா நகரில் குடியேறி இத்தொழிலைத் தொடங்கினர். 1660-இல் அங்கும் தொழிற்குழு அமைந்தது. விலைக்கும் தரத்திற்கும் உள்ள உறவைப் பற்றிய தெளிவான சான்று கௌடாவில்தான் கிடைக்கிறது. அந்நகரத்தார் உயர்தரம், சாதாரணம் எனச் சுங்கான்களைப் பிரித்துச் செய்தனர். உயர்தரச் சுங்கானைச் சுடுவதற்கு முன் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். 1740-ஆம் ஆண்டையொட்டிக் கௌடாச் சுங்கான்களின் அடிமுனையில் நகரச் சின்னத்தைப் பொறிக்கும் வழக்கம் வந்தது. சாதாரணச் சுங்கானில் அச்சின்னத்தின் மேல் 'எஸ்' என்னும் எழுத்தையும் சேர்த்தனர். சாதாரணம் என்னும் பொருள்படும் டச்சுச் சொல்லின் முதலெழுத்து அது.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இரு வகைக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த பெரிய வேறுபாடு மேற்பரப்பின் மெருகு. மெருகு என்பது ஒரு தொழிலாளியின் பல நாழிகை உழைப்பு. வாங்குபவர் அவ்வுழைப்பிற்கே கூடுதல் விலை தந்தனர். கிண்ணத்தினுள் புகையிலை எரிவது இரண்டிலும் ஒன்றுபோலவே. அன்றியும், தான் சாதாரணச் சரக்கு என்பதை மறைக்காமல் தன் மேனியிலேயே எழுதிக்கொண்டு விலைபோன அந்த மலிவுச் சுங்கானின் நேர்மையும் போற்றத்தக்கது.

மண்சுங்கான் கையைச் சுடும், எளிதில் உடையும். ஆனால் தனக்கென ஒரு சுவையைப் புகையில் சேர்ப்பதில்லை. ஆதலால் புகையிலையின் இயல்பான சுவையை அறிய மண்ணே சிறந்தது எனத் தேர்ந்தோர் கருதுவதுண்டு. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் ஒரு புதிய மண்சுங்கானில் ஒருமுறை புகைத்ததும் அதனை உடைத்தெறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார் என்று சொல்வர். அரசவைக் கவிஞர் விரும்பிய புகை, கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய மண்ணிலிருந்தே வந்தது.

கல்லின் காலம்

விலை உயர்வு முதன்முதலில் உண்மையான பயனோடு சேர்ந்து வந்தது மீர்ஷாம் கல்லில்தான். இச்சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் கடல்நுரை என்பது பொருள். நீரில் மிதக்குமளவிற்கு இலேசான இவ்வெண்கனிமத்தைக் கனிமவியலார் செபியோலைட்டு என்பர். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டியெடுத்த இக்கல், வியன்னாவிலும் புடாபெஸ்ட்டிலும் சிற்பிகளின் கையில் சுங்கானாயிற்று. நுண்துளைகள் நிறைந்த இக்கல் புகையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பத்தையும் எளிதில் கடத்துவதில்லை. ஆகவே மண்சுங்கானைவிட உலர்ந்த, குளிர்ந்த புகை கிடைத்தது உண்மையே. தேன்மெழுகில் தோய்த்த அவ்வெண்கல், புகைக்கப் புகைக்கப் பொன்னிறமாகிப் பின் செம்பழுப்பாக மாறும். அந்நிறமாற்றத்தைப் பிள்ளை வளர்ப்பதுபோல் போற்றிய செல்வர் பலர்.

ஆனால் வணிகம் அங்கேயே நிற்கவில்லை. குதிரை வீரர், வேட்டைக் காட்சி, பெண்ணுரு எனக் கிண்ணத்தின் மேல் சிற்பம் வளர்ந்தது. சிற்பத்திற்கேற்ப விலையும் வளர்ந்தது. கல் தந்த பயன் கல்லோடு நின்றது. சிற்பம் கண்ணுக்கு விருந்தாயிற்றே தவிரப் புகைக்கு எதையும் கூட்டவில்லை. செதுக்கும்போது சிந்திய துகள்களை அரைத்து அழுத்திச் செய்த 'மாஸ்ஸா' என்னும் மலிவு வகையும் வியன்னாவில் தோன்றியது. அது பார்வைக்கு மீர்ஷாம் போலவே இருக்கும். உறிஞ்சும் தன்மையோ குறைவு. கௌடாவின் 'எஸ்' எழுத்து போன்ற அடையாளம் அதில் இல்லாதபோது, வாங்குபவர் ஏமாற இடமுண்டு.

வேரின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையர் வந்தது. நடுநிலக்கடலோரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதரின் தண்டுக்கும் வேருக்கும் இடையே மண்ணுக்குள் ஒரு முடிச்சு பருத்து வளரும். அம்முடிச்சே பிரையர் மரம். அது கடினமானது, எளிதில் தீப்பற்றாதது, இலேசானது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன் குளோத் நகரத்தார் முன்பே மரக்கடைசலில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் கையில் பிரையர் உலகச் சந்தையைப் பிடித்தது. வெட்டிய கட்டைகளை நீரில் பல மணிநேரம் கொதிக்கவைத்துச் சாற்றை நீக்குவர். பின்னர் பல மாதங்கள் நிழலில் உலர்த்துவர். நல்ல புகைக்கு அடிப்படை இந்தப் பொறுமையே. உலர்த்தலைக் குறுக்கினால் சுங்கான் கசக்கும். சில வேளை வெடிக்கவும் செய்யும்.

மண்ணுக்குள் வளரும் முடிச்சில் சிறு கல்லும் மணலும் சிக்கிக் குழி விழுவது இயல்பு. நூறு கட்டைகளைக் கடைந்தால் குறையே இல்லாதவை மிகச் சிலவே தேறும். அவற்றிலும் கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்பு வரை நேர்வரிகளாக மரவரி ஓடுபவை மிக அரியன. பிரையரின் விலையைத் தீர்மானிப்பவை இவ்விரண்டே: குறையின்மை, மரவரி. புகையின் பாதையோ இவ்விரண்டையும் அறியாது. மேற்பரப்பிலுள்ள ஒரு சிறு குழி, கிண்ணத்தின் உட்சுவரைத் தொடாத வரையில், எரியும் புகையிலையை எவ்வகையிலும் பாதிப்பதில்லை.

ஆல்பிரட் டன்ஹில் 1907-இல் இலண்டனில் டியூக் வீதியில் புகையிலைக் கடை தொடங்கினார். சில ஆண்டுகளில் சொந்தப் பட்டறையும் அமைத்தார். வாய்முனையில் பதித்த ஒரு வெண்புள்ளி அவருடைய சுங்கான்களின் அடையாளமாயிற்று. நாளடைவில் அதுவே செல்வச் சின்னமும் ஆயிற்று. டன்ஹில் பட்டறையின் உழைப்பு உண்மையானது. துளையும் பொருத்தும் செம்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தன் தர அளவை எட்டாத சுங்கான்களை விற்பதற்கு அந்நிறுவனமே 1920-களில் பார்க்கர் என்னும் வேறு பெயரைத் தோற்றுவித்தது. ஒரே மரபில் வந்த இரு பிள்ளைகளுள் ஒன்றுக்கு வெண்புள்ளி. மற்றொன்றுக்கு வேறு பெயர். பார்க்கரை வாங்கியவர் பெற்ற புகைக்கும் டன்ஹிலை வாங்கியவர் பெற்ற புகைக்கும் இடையிலான தொலைவு, விலைகளுக்கிடையிலான தொலைவைவிட மிகக் குறைவே எனலாம்.

கோபன்ஹேகனில் சுங்கான்களைப் பழுதுபார்க்கும் பணியில் தொடங்கிய சிக்ஸ்டன் இவார்சன் என்னும் கலைஞர், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இக்கைவினையைச் சிற்பக்கலையாகவே உயர்த்தினார். முதலில் துளைகளைச் செம்மையாக இட்டு, பின்னர் மரவரி சொல்லும் வழியே உருவை இழைக்கும் முறை அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. அவர் கையால் செய்த சுங்கானைச் செல்வரே வாங்கக்கூடும். ஆனால் ஸ்டான்வெல் என்னும் டேனியத் தொழிற்சாலைக்கும் அவர் வடிவங்கள் வரைந்து தந்தார். அவை இயந்திரத்தில் உருவாகிப் பள்ளி ஆசிரியரும் வாங்கும் விலைக்கு வந்தன. ஒரே மனிதரின் சிந்தனை இரு விலைகளில் விற்ற அரிய சான்று இது.

கதிர்க்கட்டையின் காலம்

மறுபுறம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வாஷிங்டன் என்னும் சிற்றூரில், ஒல்லாந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிப்பி என்னும் கடைசல்காரர் 1869-இல் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டையைக் கடைந்து சுங்கான் செய்யத் தொடங்கினார். கதிரின் வெளிப்புறப் பள்ளங்களைச் சுதைமாவால் பூசி நிரப்பும் முறைக்கு 1878-இல் காப்புரிமை பெற்றார். நுண்துளைகள் கொண்ட கதிர்க்கட்டை ஈரத்தை உறிஞ்சுவதில் மீர்ஷாமை ஒத்தது. எனவே தம் சரக்கிற்கு 'மிசௌரி மீர்ஷாம்' எனப் பெயரிட்டார். செல்வரின் கல்லுக்குரிய பெயரை உழவரின் குப்பைக்குச் சூட்டியதில் நகைச்சுவையும் உண்டு, உண்மையும் உண்டு.

எழுத்தாளர் மார்க் ட்வெயின் இக்கதிர்ச்சுங்கானை விரும்பிப் புகைத்தார். 1945 ஆகஸ்ட்டு 30-ஆம் நாள் ஜப்பானின் அட்சுகி விமானத்தளத்தில் இறங்கிய தளபதி மெக்கார்தரின் வாயிலும் கதிர்ச்சுங்கானே இருந்தது. உலகின் எந்தச் சுங்கானையும் பெறக்கூடிய நிலையிலிருந்தவர் அவர். ஆயினும் அப்படம் உலகெங்கும் பரவியதை நோக்கும்போது, மலிவும் ஒரு பகட்டாக முடியும் என்பது புலனாகிறது. வெண்புள்ளி ஒரு கூட்டத்திற்குச் சின்னம் என்றால், கதிர்க்கட்டை மற்றொரு கூட்டத்திற்குச் சின்னம்.

புகை நடக்கும் வழி

சின்னங்களை விலக்கிவிட்டுப் புகையின் பாதையை மட்டும் நோக்கினால் விடை எளிதாகிறது. கிண்ணத்தின் அடிநடுவில் துளை சரியாக வந்து சேர வேண்டும். மேலே வந்து சேர்ந்தால் அடியில் ஈரப் புகையிலை எரியாமல் தேங்கும். துளை நான்கு மில்லிமீட்டர் அளவில், வாய்முனை வரை தடையின்றிச் செல்ல வேண்டும். தண்டும் வாய்முனையும் பொருந்துமிடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே நீராவி குளிர்ந்து நீராகிக் களகளவென ஒலிக்கும். கிண்ணத்தின் சுவர் போதிய தடிப்போடு இருக்க வேண்டும். மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். உட்சுவரில் மெழுகு வண்ணமோ பூச்சோ இருத்தல் ஆகாது. கவனமுள்ள தொழிலாளி இவற்றை மலிவுச் சுங்கானிலும் செய்ய முடியும். கவனமற்றவர் விலையுயர்ந்த மரத்திலும் பிழை செய்ய முடியும். இவ்வெல்லைக்குக் கீழே உள்ளவை உண்மையிலேயே தாழ்ந்த சுங்கான்கள். எல்லையைக் கடந்த பின்னரோ, விலை எத்தனை மடங்கு கூடினும் புகை அத்தனை மடங்கு கூடுவதில்லை.

இதற்கு வலுவான சான்று சுங்கான் போட்டிகள். இப்போட்டிகளில் அனைவருக்கும் ஒரே வகைச் சுங்கானும் மூன்று கிராம் புகையிலையும் இரண்டு தீக்குச்சிகளும் தருவார்கள். ஒருமுறை ஏற்றிய தீ அணையாமல் நெடுநேரம் காப்பவரே வென்றவர். ஒரே சுங்கான், ஒரே புகையிலை. ஆயினும் சிலருக்குச் சில நிமிடங்களில் தீ அணைந்துவிடுகிறது. தேர்ந்தவர் மூன்று மணி நேரத்திற்கும் மேல் காத்திருக்கின்றனர். வேறுபாடு சுங்கானில் இல்லை. புகையிலையை அடைக்கும் விரலிலும், மெல்ல உறிஞ்சும் மூச்சிலும், பொறுமையிலும் உள்ளது.

அவ்வாறாயின், விலையுயர்ந்த சுங்கானில் நல்ல சுவை கண்டதாகச் சொல்வோர் பொய் சொல்கின்றனரா? இல்லை. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் ஒரே மதுவை வெவ்வேறு விலை சொல்லிப் பருகக் கொடுத்தனர். 90 டாலர் என்று கேட்டுப் பருகியவர், அதே மதுவை 10 டாலர் என்று கேட்டபோது பெற்றதைவிட மிகுந்த இன்பம் பெற்றதாகக் கூறினர். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அதற்கேற்ப மிகுந்து இயங்கியதைக் கருவிகள் காட்டின. விலை நாவை ஏமாற்றவில்லை. மனத்தின் வழியே இன்பமாகவே மாறியது. இதனோடு மற்றொன்றும் உண்டு. பெரும்பொருள் கொடுத்தவர் சுங்கானைத் துடைக்கிறார், ஓய்வு தருகிறார், அவசரமின்றிப் புகைக்கிறார். அப்பேணுதலை ஒரு கதிர்க்கட்டைக்குத் தந்திருந்தாலும் அது நன்றாகவே புகைத்திருக்கும்.

விலை வேறு, மதிப்பு வேறு என்பதைக் கானன் டாயில் 1893-இல் வெளியிட்ட 'மஞ்சள் முகம்' என்னும் கதையில் அழகாகக் காட்டுகிறார். யாரோ மறந்துவிட்டுச் சென்ற ஒரு சுங்கானை ஷெர்லாக் ஹோம்ஸ் ஆராய்கிறார். அதன் விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் மட்டுமே. ஆனால் இருமுறை உடைந்து, இருமுறையும் வெள்ளிப்பட்டையால் பழுதுபார்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பட்டைக்கும் சுங்கானின் விலையைவிட அதிகம் செலவாகியிருக்கும். புதிது வாங்காமல் பழையதையே காத்த அம்மனிதர் அதனை எவ்வளவு நேசித்திருக்க வேண்டும் என்று துப்பறிவாளர் உய்த்துணர்கிறார். கடைக்காரர் இட்ட விலை ஒன்று; உரியவர் வாழ்ந்து ஏற்றிய மதிப்பு வேறொன்று.

'நல்ல புகை' என்னும் தொடரைப் பற்றியும் ஒரு சொல் தேவை. சுங்கான் புகைப்போரின் உதட்டில் புற்றுநோய் வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-இலேயே சுட்டினார். வாய், தொண்டை, நுரையீரல் நோய்களைப் பற்றிப் பிற்கால மருத்துவம் ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. உடலைப் பொறுத்தவரை வெண்புள்ளிக்கும் கதிர்க்கட்டைக்கும் வேறுபாடில்லை. சுவையில் உயர்ந்த புகை உண்டு. தீங்கற்ற புகை இல்லை. எந்த விலையும் அதை வாங்கித் தராது.

நிறைவாக

நானூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, உயர்ந்த சுங்கான், தாழ்ந்த சுங்கான் என்னும் பிரிவு விலையைச் சார்ந்ததாகத் தோன்றவில்லை. நேர்மையாகச் செய்தது, நேர்மையின்றிச் செய்தது என்னும் பிரிவே உண்மையானது. தன் தரத்தைத் தானே எழுதிக்கொண்ட கௌடாச் சுங்கானும், உழவர் கழித்த கட்டையிலிருந்து பிறந்த மிசௌரிச் சுங்கானும் மலிவானவை; ஆயினும் தாழ்ந்தவை அல்ல. கல் என்று சொல்லித் தூளை விற்றது தாழ்ந்தது. இவார்சனின் கைச்சுங்கானுக்குப் பெரும்பொருள் கொடுப்பவர் ஏமாந்தவரும் அல்லர். ஒரு கலைஞனின் காலத்திற்கும் கண்ணுக்கும் அவர் கூலி தருகிறார். புகைக்காகத் தந்தேன் என்று அவர் எண்ணிக்கொள்ளும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது.

கவிதையைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. பட்டுறையிட்ட நூலிலும் சாணித்தாளில் அச்சிட்ட சிற்றிதழிலும் கவிதை ஒன்றே. உறையின் அழகு உறை செய்தவருக்குரிய புகழ். அதனை மறுக்க வேண்டுவதில்லை. கவிதை எரிகிறதா, அணைந்துவிடுகிறதா என்பதைத் தீர்மானிப்பவை உள்ளே ஓடும் துளையின் செம்மையும், ஏந்தியவர் மூச்சின் பொறுமையுமே ஆகும்.